மதிலை வலம் வந்துவிட்டு உள்ளே போங்கள்

ஸ்பெயினின் வடக்கு ஓரத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, மதில் சூழ்ந்து நிற்கும் பாஸ்க் ஊர் ஒந்தாரிபியா. அங்கே போய்வந்தவர்கள் போடுகிற படங்களில் ஒன்று தவறாமல் இருக்கும். கூழாங்கல் பாவிய சின்னச் சதுக்கம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், மர உத்தரம் வெளியே தெரிகிற வீடுகள், மாடங்களில் பூந்தொட்டிகள். கீழே ஒரு வரி: ‘காலம் உறைந்து நிற்கும் இடைக்கால ஊர்.’ அந்த இடம் கிப்புஸ்கோவா சதுக்கம். மதிலுக்குள் இருப்பவற்றில் வயதில் இளையது என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் மானுவேல் மன்சானோ மோனிஸ் என்ற கட்டடக் கலைஞர் பழைய பாஸ்க் வீடுகளின் சாயலில் வரைந்து எழுப்பியது. ஊர்க்காரர்கள் இதை மறைப்பதில்லை. கேட்டால் சொல்வார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சதுக்கம் அழகாகத்தான் இருக்கிறது. புதிதாகக் கட்டியதைப் பழையதுபோலக் கட்டுவது குற்றமும் இல்லை. உறுத்துகிற விஷயம் வேறு. அங்கே இருபது நிமிடம் நின்று படம் எடுக்கிறவர்கள், அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் சாந்தா மரியா வாயிலை அரை நிமிடத்தில் கடந்து வந்திருக்கிறார்கள். அசல் மதில் அங்கே இருந்தது. பல நூற்றாண்டுக் கல், பீரங்கிக் குண்டு தின்ற கல். அதை ஒரு தோரணவாயில் அளவுக்குத்தான் பார்த்தார்கள். மதில் சூழ்ந்த கடலோர ஊர் என்று பெயர் கேட்டு வந்துவிட்டு மதிலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துத் திரும்புவது எப்படி நடக்கிறது? என் கணக்கில் இதற்கு ஒரே காரணம், ஊருக்குள் நுழைகிற வரிசை தலைகீழாக இருப்பதுதான். மதிலை உள்ளே நின்று பார்த்தால் அது வெறும் சுவர். வெளியே நின்று பார்த்தால்தான் அது எதற்கு என்று புரியும்.

பெயரிலேயே இருக்கிறது

பாஸ்க் மொழியில் ‘ஒந்தார்’ என்றால் மணல், ‘இபி’ என்றால் ஆற்றை நடந்தே கடக்கும் துறை. மணல்துறை என்று பெயர்த்தால் பொருந்தும். ஸ்பானியர்கள் இதைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி ‘புவெந்தேரபியா’ என்று திருப்பிக்கொண்டார்கள். அந்த மொழியில் ‘புவெந்தே’ என்றால் ஊற்று, ஆகவே ஊற்றுக்குப் பெயர்போன ஊர் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. பழைய வரைபடங்களிலும் ரயில் காலத்து வழிகாட்டிகளிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள். எழுத்தில் முன்னால் ஒரு ‘ஹ’ உண்டு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் அதை யாரும் உச்சரிப்பதில்லை.

பிதசோவா ஆறு கடலில் சேரும் கழிமுகம் இது. எதிர்க்கரை பிரான்ஸ், ஹெந்தாய் என்ற ஊர். நடுவில் தண்ணீர் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கடல் வற்றும்போது சிங்குதி விரிகுடாவில் சேறும் மணலும் திட்டுத் திட்டாக வெளியே வந்துவிடும். இந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரிய அலைநாட்களில் நாலு மீட்டர் வித்தியாசம் உண்டு. ஆழம் குறைந்த ஆறு, அகலம் குறைந்த எல்லை, அந்தப் பக்கம் வேறொரு ராஜா. 1203இல் காஸ்தில் அரசன் எட்டாம் அல்போன்சோ இந்த ஊருக்கு நகர உரிமை கொடுத்ததிலிருந்து இதன் வேலை ஒன்றுதான்: அந்தத் துறையைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஊர்ச் சின்னத்தில் ஒரு தேவதை கையில் சாவி வைத்திருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் திமிங்கல வேட்டை. ஒரு கட்டம் கோட்டைக்காரர்களுடையது, ஒரு கட்டம் மீன்காரர்களுடையது. ஊரும் அப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்தப் பக்கமிருந்து வருவது

பெரும்பாலானவர்கள் சான் செபாஸ்தியானில் தங்கிக்கொண்டு அரைநாள் பயணமாக வருகிறார்கள். தூரம் சுமார் 20 கிலோமீட்டர். ஈ21 பஸ் விமான நிலையம் வழியாக ஊருக்கு வரும். முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பஸ் கிளம்புகிற இடத்துக்கும் பெயர் கிப்புஸ்கோவா சதுக்கம்தான், ஆனால் அது சான் செபாஸ்தியானில் இருக்கிறது. மேப்பில் வெறும் பெயரைப் போட்டுவிட்டு ஏன் இரண்டு இடம் காட்டுகிறது என்று முழிக்க வேண்டாம், மாகாணத்தின் பெயரே கிப்புஸ்கோவா. ரயில் ஒந்தாரிபியாவுக்குக் கிடையாது. ‘தோப்போ’ என்று செல்லப்பெயர் கொண்ட சிறு ரயில் பக்கத்து ஊரான இருன் வழியாக ஹெந்தாய்க்குப் போய்விடும், இந்த ஊரைத் தொடாது. சான் செபாஸ்தியான் விமான நிலையம் என்று டிக்கெட்டில் இருப்பது உண்மையில் இந்த ஊர் எல்லைக்குள் இருக்கிறது. ஓடுபாதை ஆற்றை ஒட்டியே கிடக்கும். மதிலின் மேல் நிற்கும்போது விமானம் காலுக்குக் கீழே இறங்குவதுபோல் தோன்றும்.

நான் சொல்லும் வழி பிரெஞ்சுப் பக்கமிருந்து படகு. கொஞ்சம் சுற்றுதான். ஆனால் இந்த ஊரைக் கட்டியவர்கள் எந்தத் திசையை நினைத்துப் பயந்தார்களோ அந்தத் திசையிலிருந்து வருகிறோம். பாரிஸிலிருந்து வரும் வேக ரயில் ஹெந்தாயில் முடிகிறது. ஒரு எச்சரிக்கை: ரயில் நிலையம் ஊரின் ஒரு கோடி, இருன் பாலத்துக்குப் பக்கம். படகுத்துறை மறு கோடி, சோக்கோபுரு என்ற கடற்கரைப் பகுதி. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்கலாம் என்று கிளம்பினால் நாக்குத் தள்ளிவிடும். உள்ளூர் பஸ் உண்டு.

படகு சின்னது. பத்து நிமிடப் பயணம், சில யூரோதான் கட்டணம், சில்லறையாக வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் அடிக்கடி வரும், குளிர்காலத்தில் இடைவெளி கூடும், கடைசிப் படகு சீக்கிரம் போய்விடும். பலத்த காற்றென்றால் நிறுத்திவிடுவார்கள். துறையில் குடியேற்ற அதிகாரி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அதை நம்பி பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். 2015 முதல் பிரான்ஸ் தன் எல்லையில் மீண்டும் சோதனை வைத்திருக்கிறது. இருன் பாலங்களில் அதை நன்றாகவே பார்க்கலாம். நம் நிறத்துக்காரர்களை நிறுத்துவது அதிகம். இந்த ஆற்றை நீந்திக் கடக்கப் பார்த்த ஆப்பிரிக்க இளைஞர்கள் சிலர் 2021க்குப் பிறகு மூழ்கி இறந்திருக்கிறார்கள். நாம் சீட்டு வாங்கிக்கொண்டு ஐஸ்கிரீமோடு கடக்கிற அதே தண்ணீர். ஷெங்கன் விசா ஒட்டிய பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும், போனில் எடுத்து வைத்த படம் போதாது.

படகில் முன்பக்கம் நில்லுங்கள். கரை நெருங்கும்போது இடதுகைப் பக்க மேட்டில் இரண்டு பொருள் தெரியும். ஒன்று கோயில் மணிக்கூண்டு, மற்றது ஜன்னலே இல்லாததுபோன்ற ஒரு சதுரக் கல்மலை. அது ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் கோட்டை. ஊரின் மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் கீழே ஒடுங்கிக் கிடக்கும். இந்தத் தோற்றம் ஊருக்குள் எங்கே நின்றாலும் கிடைக்காது.

வலம்

படகு இறக்கிவிடுவது புத்ரோன் நடைபாதையில். எதிரே உணவுக்கடைகள் வரிசையாகக் கூப்பிடும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆற்றை இடப்பக்கம் விட்டு, மேட்டை வலப்பக்கம் வைத்துத் தெற்கே நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மதிலின் தென்முனைக்கு வந்துவிடலாம். அங்கே சாந்தா மரியா வாயில், மேலே ஊர்ச் சின்னம். சாவி வைத்திருக்கும் தேவதையைத் தேடிப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் மேற்கே திரும்புங்கள். மதில் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கமே இருக்கட்டும். கோயிலை வலம் வருகிற அதே முறைதான். முழு வலம் வர முடியாது. வடக்கே மதில் பல இடங்களில் கிடையாது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஊரைப் பிடித்து அரண்களை வெடிவைத்துத் தகர்த்தது, மிஞ்சியதில் கொஞ்சத்தை வீடுகள் விழுங்கின. தெற்கும் மேற்கும் நன்றாக நிற்கின்றன. நமக்கு வேண்டியது அவைதான்.

இந்தப் பக்கம் கூட்டம் இருக்காது. புல்வெளி, நாய் நடத்துகிறவர்கள், நிறுத்தி வைத்த கார்கள். காலடியில் இப்போது புல் இருக்கிற பள்ளங்களில் ஒரு காலத்தில் அகழி. நடை மெதுவாக இருக்கட்டும், சப்பாத்து வழுக்காததாக இருக்கட்டும். விமான நிலையக் கணக்கில் இங்கே ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் நிறைய ‘சிரிமிரி’ என்கிற பூந்தூறல். குடை பிடிக்கும் அளவுக்குப் பெய்யாது, பிடிக்காவிட்டால் கால் மணியில் நனைத்துவிடும். ஊருக்குள் இருக்கிற உருண்டைக் கல் தரை அந்தத் தூறலில் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். லேசான மழைக்கோட்டு, ரப்பர் அடித்தோல், போதும்.

மேற்கே சான் நிகொலாஸ் வாயில். இங்கே தூக்குப்பாலம் இருந்த அமைப்பு தெரியும். அந்த நிலப்பக்கத்துக் கொத்தளங்களில் ஒன்றுக்கு ராணியின் கொத்தளம் என்று பெயர். அதன் முன்னால் ஒரு பத்து நிமிடம் நின்றே ஆகவேண்டும். இந்தக் கட்டுரையே அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

பீரங்கிக் கண் எதைப் பார்க்கிறது

முதலில் பழைய மதிலின் பிரச்சினை. இடைக்காலத்து மதில் உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்தது. ஏணி போட்டு ஏறுகிறவனைத் தடுக்க உயரம் போதும். பீரங்கி வந்ததும் அந்த உயரமே வினையாகிவிட்டது. தூரத்திலிருந்தே குறிவைக்க வசதியான பெரிய இலக்கு, அடியில் நாலு குண்டு விழுந்தால் மேலே உள்ளதெல்லாம் தானே சரிந்து அகழியை நிரப்பி, எதிரி ஏறிவரப் படிக்கட்டும் போட்டுக் கொடுத்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க மதில்கள் குட்டையாகவும் தடிமனாகவும் மாறியது இதனால்தான். கல்லுக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி இறுக்கினார்கள். குண்டின் வேகத்தைக் கல் உடைந்து வாங்கும், மண் உடையாமல் வாங்கும்.

இரண்டாவது பிரச்சினை இன்னும் நுணுக்கமானது. மதிலின் மேல் நிற்கும் காவலனுக்கு மதிலின் அடி தெரியாது. எட்டிப் பார்த்தால் தலை போகும். ஆகவே சுவரோடு ஒட்டிக்கொண்ட எதிரிதான் பத்திரமாக இருப்பவன். அவன் அங்கே உட்கார்ந்து சுரங்கம் தோண்டலாம், வெடி வைக்கலாம். இந்தக் குருட்டு இடத்தை ஒழிக்கத்தான் மதிலிலிருந்து கூர்மையாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கொத்தளம்.

இப்போது ராணியின் கொத்தளத்தில் முகப்பை விட்டுவிட்டு, அது மதிலோடு வந்து சேர்கிற உள்வாங்கிய பக்கத்தைப் பாருங்கள். அங்கே பீரங்கிக் கண்கள் உண்டு, குழலை நீட்டிச் சுடுவதற்கான துளைகள். ஒன்றுக்கு நேராகப் போய் நின்று, அது எங்கே பார்க்கிறது என்று திரும்பிப் பாருங்கள். வயலையும் மலையையும் எதிரிப் பாசறை இருந்த இடத்தையும் விட்டுவிட்டுத் தன் ஊர் மதிலின் வெளிப்பக்கத்தை ஒட்டியே நீளவாக்கில் பார்க்கும். சுவரோடு ஒட்டிக்கொண்டவனை வரிசையாக வழித்துத் தள்ளுவதற்கான கண் அது. கண்ணின் வாய் உட்பக்கம் குறுகி வெளிப்பக்கம் விரிந்து, குழலைக் கொஞ்சம் அசைக்க இடம் விட்டிருக்கும். எதிரே தூரத்திலிருந்து சுடுகிறவனுக்கு அந்தக் கண் தெரியவே தெரியாது, கொத்தளத்தின் தோள் மறைத்துவிடும். தெரிகிற அளவுக்கு நெருங்கினால் அதன் குண்டு போகும் வழிக்குள் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

இதைப் பார்த்தபிறகு மொத்த மதிலும் வேறாகத் தெரியும். எங்கே ஏன் வளைகிறது, இந்த மூலை ஏன் இவ்வளவு கூர்மை, அந்த வாயிலை ஏன் நேரே வைக்காமல் ஒதுக்கி வைத்தார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் கண்ணிலிருந்து ஒரு கோடு இழுத்தால் விடை கிடைத்துவிடும். தமிழில் புறத்திணைக்காரர்கள் மதிலைக் காப்பதற்கு நொச்சி என்று தனித்திணையே பிரித்தார்கள். மதிலை வளைப்பவனுக்கு ஒரு பூ, காப்பவனுக்கு ஒரு பூ. ஒரு சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அவர்கள் மறக்கவில்லை. சுற்றுலாப் பயணி மறந்துவிடுகிறான், அவன் எப்போதும் உள்ளே இருக்கிறான். கொத்தளத்தின் உட்பகுதியையும் பார்க்க முடியும், ஆனால் எப்போதும் திறந்திருக்காது. அர்மா சதுக்கத்தில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் வழிகாட்டியோடு போகும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே பார்த்துவிட்டு உள்ளே போனால்தான் பலன்.

69 நாள்

அந்தக் கண்களுக்கெல்லாம் சோதனை வந்தது 1638இல். ஜூலை 1 தொடங்கி செப்டம்பர் 7 வரை பிரெஞ்சுப் படை கோந்தே இளவரசன் தலைமையில் ஊரை வளைத்து நின்றது. கடல்வழியை போர்தோ நகரத்துப் பேராயர் சூர்தி அடைத்திருந்தார். கப்பற்படை நடத்திய பேராயர், அந்தக் காலத்தில் இதெல்லாம் சாதாரணம். ஊரை மீட்க வந்த ஸ்பானியக் கப்பல்களை ஆகஸ்ட் 22 அன்று கெத்தாரியா துறைமுகத்தில் அவர் எரித்தே விட்டார். கடல் பக்கம் நம்பிக்கை போயிற்று. நிலப்பக்கம் பீரங்கியும் சுரங்கமும். மதிலில் உடைப்பும் விழுந்துவிட்டது.

இங்கே ஒரு திருப்பம். உடைப்பு விழுந்த இடத்தில் படையை உள்ளே செலுத்த வேண்டியவர் பெர்னார்த் லா வலேத் என்ற பிரபு. உடைப்பு ஏறும் அளவுக்கு இல்லை என்று அவர் இறங்க மறுத்துவிட்டார். கோந்தே அந்தப் பொறுப்பைப் பேராயரிடம் மாற்றினார். மாற்றி ஏற்பாடு செய்வதற்குள் மலைப்பக்கமிருந்து ஸ்பானிய மீட்புப்படை பாசறைக்குள் பாய்ந்தது. முற்றுகை ஒரே நாளில் கலைந்து, பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றை நோக்கி ஓடினார்கள். அந்த மணல்துறையேதான். தோல்வியின் பழி லா வலேத் தலையில் விழுந்தது. அவர் இங்கிலாந்துக்குத் தப்பிவிட, ஆள் இல்லாமலேயே மறு ஆண்டு மரண தண்டனை விதித்தார்கள்.

அவர் சொன்னது பொய்யா மெய்யா என்பதை இன்றும் வாதாடலாம். ஆனால் அந்தப் பக்கவாட்டுக் கண்ணுக்கு முன்னால் ஒருமுறை நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அவர் மேல் கோபம் வராது. குண்டு விழுந்து சரிந்த கற்குவியலின் மேல் ஏறும்போது முதுகில் சுடப்போகிற பீரங்கி இன்னும் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் அன்றைக்கு அவர் முன் இருந்த கேள்வியாக இருந்திருக்கும்.

உள்ளே

சான் நிகொலாஸ் வாயில் வழியாக இப்போது நுழையலாம். தெருக்கள் குறுகல், வீட்டு இறவாரங்கள் நீண்டு நீண்டு மேலே ஒன்றையொன்று தொடப் பார்க்கும். செதுக்கிய மர இறவாரம், அதன் கீழ் இரும்புக்கம்பி மாடம், வாசலுக்கு மேலே குடும்பச் சின்னம். அண்ணாந்தே நடக்க வேண்டிய ஊர், கால் வைக்கும் இடமும் பார்க்க வேண்டும் என்பதுதான் சிரமம்.

அர்மா சதுக்கத்தில் ஐந்தாம் சார்லஸ் கோட்டையின் முகப்பு. தேர்ந்த விடுதிகளை நடத்தும் அரசு நிறுவனமான பரதோர் 1968இல் இதை விடுதியாக மாற்றியது. வாசல் பக்கம் கொடியும் விளக்கும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு வெற்றுச் சுவரைப் பாருங்கள். அம்மைத் தழும்புபோலக் கல் முழுக்கக் குழி. குண்டு பட்ட இடங்களைப் பூசி மெழுகாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது குழிகளின் நிழல் நன்றாக எழும், உச்சிவேளையில் தட்டையாகிவிடும். படம் எடுப்பதானால் இதை மனதில் வையுங்கள்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே கோயில். முழுப்பெயர் விண்ணேற்பு மாதா மற்றும் ஆப்பிள் மரத்து மாதா கோயில். கட்டடம் 15, 16ஆம் நூற்றாண்டுக் கோத்திக் பாணி, மணிக்கூண்டு மட்டும் பிந்தியது. 1660 ஜூன் 3 அன்று இங்கே நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை இல்லை. ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசாவுக்கும் பிரான்சின் பதினாலாம் லூயிக்கும் கல்யாணம். லூயி வரவில்லை, அவருக்குப் பதில் ஸ்பெயின் அமைச்சர் லூயிஸ் தே ஆரோ நின்று இளவரசியை ஏற்றுக்கொண்டார். லூயியின் சித்தப்பா மகள் ஒருத்தி வேடிக்கை பார்க்கும் ஆசையில் அடையாளம் காட்டாமல் ஆற்றைக் கடந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். உண்மை மாப்பிள்ளையோடு கல்யாணம் ஆறு நாள் கழித்து பிரெஞ்சுப் பக்கம் சான் ழான் தே லூஸில். முற்றுகை முடிந்து 22 வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டேதான் ஊர்வலம் போயிருக்கும். கோயில் பூஜை நேரம் தவிர மற்ற வேளைகளில் பூட்டியிருப்பது சகஜம். வாசலில் நேரம் ஒட்டியிருக்கும்.

இங்கிருந்து காலே நாகுசியா, அதாவது பெரிய தெரு, சாந்தா மரியா வாயிலை நோக்கி இறங்குகிறது. எல்லோரும் மூச்சு வாங்க ஏறிவரும் தெருவில் நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். சுலோவாகா மாளிகையும் காசதேவாந்தே மாளிகையும் இந்தத் தெருவில்தான். கிப்புஸ்கோவா சதுக்கத்தையும் போகிற போக்கில் பார்த்துவிடுங்கள். இவ்வளவு பார்த்தபிறகு அது உறுத்தாது, நல்ல நகல் என்று ரசிக்கலாம்.

மதிலுக்கு வெளியே இருந்தவர்கள்

மதிலின் காவல் யாருக்கு என்ற கேள்விக்கு விடை வடக்கே கீழே இருக்கிறது. மீனவர்கள் மதிலுக்கு வெளியேதான் இருந்தார்கள். லா மரினா என்கிற அந்தப் பகுதியின் முதுகெலும்பு சான் பெத்ரோ தெரு. பச்சை, நீலம், சிவப்பு வண்ண மாடங்கள் கொண்ட ஒடுக்கமான வீடுகள். படகுக்குப் பூசி மிஞ்சிய வண்ணத்தை வீட்டுக்குப் பூசினார்கள் என்று சொல்வது வழக்கம். இவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1361இலிருந்து இருக்கிறது. மேலே நிற்கும் கொத்தளங்களை விடப் பழையது. ஜூலை 25 அன்று சங்கத்தின் ஆவணப் பெட்டியைத் தலையில் சுமந்து ஒரு பெண் இந்தத் தெருவில் சுழன்று சுழன்று போவாள். கூட்டம் மொய்த்தாலும் பார்க்க வேண்டியது.

சாப்பாட்டுக் கணக்கு: பகலில் பன்னிரண்டரை முதல் மூன்று வரை, மாலையில் எட்டுக்கு மேல். இடையில் சமையலறை தூங்கிவிடும். நாலு மணிக்குப் பசியோடு வந்தால் சாண்ட்விச்சுதான் கதி. மேடையில் அடுக்கியிருக்கும் பின்ச்சோ என்கிற சிறுதீனிகளை விடக் கரும்பலகையில் எழுதியிருப்பவற்றைக் கேளுங்கள், அவை கேட்டபிறகு சுடச்சுடச் செய்வது. ஒரு கடையில் இரண்டோடு நிறுத்திவிட்டு அடுத்த கடைக்கு நகர்வதுதான் ஊர் வழக்கம். காசு கடைசியில். சாக்கோலி என்பது இந்தப் பக்கத்துப் புளிப்பான வெள்ளை ஒயின், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சைவக்காரர்கள் வெறும் ‘வெஹெத்தாரியானோ’ என்று சொல்லி நிறுத்தக் கூடாது. சூரை மீன் இறைச்சியில் சேர்த்தியில்லை என்று நினைப்பவர்கள் உண்டு, காளானில் பன்றி வற்றல் தூவி வரும். மீனும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு முட்டை அடை, வறுத்த பிக்கில்யோ மிளகாய் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். முட்டையும் ஆகாது என்றால் மிளகாயும் ரொட்டியும் ஆலிவ் காயும்.

செப்டம்பர் 8

முற்றுகை நீங்கிய நன்றிக்கு ஊரார் ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று ஹைஸ்கிபெல் மலைமேல் இருக்கும் குவாதலூபே மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறார்கள். அந்த அணிவகுப்புக்கு அலார்தே என்று பெயர். சிவப்புத் தொப்பி, துப்பாக்கி, சிறு குழல், முரசு. முன்னால் ஆட்டுத்தோலும் பெரிய தாடியும் கோடரியுமாக வெட்டுக்காரர்கள். பெரிய தெருவில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் வெற்றுத் தோட்டாவில் வெடிக்கும்போது குறுகிய சுவர்களுக்கிடையே காது அடைத்துவிடும். காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள், கைக்குழந்தையை எடுத்துப் போகாதீர்கள். அன்றைக்குத் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, பஸ் வழிகளும் மாறும்.

இந்த அணிவகுப்பில் பெண்களுக்கு உள்ள இடம் கம்பெனி என்கிற ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு ‘கந்தினேரா’ மட்டும், அதாவது சிப்பாய்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் பெண்ணின் வேடம். 1990களின் நடுவிலிருந்து பெண்களும் சிப்பாய்களாக நடக்க வேண்டும் என்று கேட்டு, ஹைஸ்கிபெல் என்ற பெயரில் ஆணும் பெண்ணும் கலந்த கம்பெனி ஒன்று உருவானது. அது பெரிய தெருவில் வரும்போது எதிர்ப்பாளர்கள் இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் தாளைத் திரைபோலத் தூக்கிப் பிடித்து முதுகைக் காட்டி நின்றார்கள். நீதிமன்றம், நகர மன்றம், குடும்பங்கள் என்று எல்லா மட்டத்திலும் ஊர் இதில் பிளந்தது. தெரியாத வெளியாள் கடையில் உட்கார்ந்துகொண்டு இதில் கருத்து சொல்லத் தொடங்கினால் பக்கத்து மேசைகள் அமைதியாகிவிடும். எந்தப் பக்கம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1638இல் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களில் பெண்கள் இல்லாமலா இருந்தார்கள்.

திரும்பும்போது

நேரம் மிச்சமிருந்தால் இகேர் முனைக் கலங்கரை விளக்கம் வரை நடக்கலாம். பைரனீஸ் மலைத்தொடரை இந்தக் கடலிலிருந்து மத்தியதரைக் கடல் வரை கடக்கும் ஜிஆர் 11 நடைவழி அங்கேதான் தொடங்குகிறது. ஊரிலிருந்து போய்வர இரண்டு மணி நேரம் வையுங்கள். ஹைஸ்கிபெல் உச்சி 547 மீட்டர், அது தனி நாள் வேலை.

படகுக்கே திரும்புவதானால் இறங்கியபோதே கடைசிப் படகின் நேரத்தைத் துறையில் ஒட்டியிருக்கும் தாளில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பின்பக்கம் உட்காருங்கள். தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை. இருனுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து சாந்தியாகோ பாலத்தை நடந்தே கடந்தால் ஹெந்தாய் ரயில் நிலையம் பக்கம்தான். பாலத்தில் பிரெஞ்சுப் போலீஸ் நிறுத்தினால் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்.